முனிசாமி கேட்கச் சொன்னான்

கொக்கிலமேடு குப்பம்
14-7-1974

அன்பு மகள் தனக்கோடிக்கு உன் நைனா தேசப்பன் எழுதிக்கொண்டது.

கங்கையம்மன் புண்ணியத்தில் இங்கே எல்லோரும் வேளைக்குச் சாப்பிட்டு, வேளைக்குச் சண்டை போட்டு நன்றாக இருக்கிறோம். அங்கே உன் உடம்பு எப்படி, சாப்பாடு எப்படி, குளிர் எப்படி என்று தனித்தனியாக எழுதவும். மொத்தமாக 'நலம்' என்று ஒரே சொல்லில் முடித்தால் உன் அம்மா ஒத்துக்கொள்ள மாட்டாள்.

சென்ட்ரல் ஸ்டேஷனில் நான் அழுததாக அவள் குப்பமெல்லாம் சொல்லிக்கொண்டு திரிகிறாள். கண்ணில் எஞ்சின் கரி விழுந்தது, அவ்வளவுதான். "ரெண்டு கண்ணுலயுமா?" என்று கேட்கிறாள். ஆமாம், எனக்கு எதிலும் பாதி கிடையாது.

வண்டி நகரும்போது ஜன்னல் வழியாக நீ கேட்டாயே, "நா போயிட்டா மீனை யாரு நைனா செங்கல்பட்டுக்கு எடுத்துனு போறது?" என்று. அதற்குப் பதில் சொல்லாமல் கை ஆட்டினேன். இப்போது சொல்கிறேன். முனிசாமி ஒத்துக்கொண்டான். உனக்குச் சைக்கிள் கற்றுக்கொடுத்த அதே முனிசாமிதான். உன் வண்டியிலேயே கூடையைக் கட்டிக்கொண்டு விடியற்காலையில் கிளம்பிவிடுகிறான்.

நம் பிழைப்பு அந்தக் கூடையில் இருப்பது உனக்குத் தெரியும். மார்க்கெட்டில் நம்மிடம் வாங்கும் சம்பத், எட்டு மணிக்குள் மீன் வராவிட்டால் முகத்தைத் திருப்பிக்கொள்வான். தொடர்ந்து வராவிட்டால் வேறு ஆளைப் பிடித்துக்கொள்வான். கண்டக்டர் மீன் கூடையைப் பஸ்ஸில் ஏற்ற மாட்டான். நானோ கட்டுமரத்தில் ஏறினால் வாந்தி எடுப்பவன், சைக்கிளில் ஏறினால் வேலிமுள்ளில் இறங்குபவன். கரையில் நின்று ஏலம் கூவ மட்டும்தான் ஆண்டவன் என்னைப் படைத்தான். வியாபாரம் கைவிட்டுப் போனால் நீ பாதியில் திரும்பி வரவேண்டும் என்று பிரபாவதி டீச்சரிடம் கவலைப்பட்டாயாம். அப்படி ஒன்றும் நடக்காது. தை மாதத்துச் சைக்கிள் பந்தயம் வரை நீ அந்தப் பயிற்சி முகாமில்தான் இருக்கிறாய்.

வேளைக்குச் சாப்பிடு. அம்மா உன்னைக் கேட்டதாக எழுதச் சொன்னாள். அவள் கேட்டதை எல்லாம் எழுத இந்த இன்லண்ட் லெட்டர் போதாது.

உன் நைனா
தேசப்பன்


பூனா
3-8-1974

நைனாவுக்கும் அம்மாவுக்கும் தனக்கோடியின் வணக்கம்.

தனித்தனியாகவே எழுதுகிறேன். உடம்பு நன்றாக இருக்கிறது. சாப்பாடு சப்பாத்தி, மறுபடியும் சப்பாத்தி. குளிர் இல்லை, மழை. துணி காய மூன்று நாளாகிறது. நீங்கள் இருவரும் எப்படி? அம்மாவின் இடுப்புவலி?

இங்கே கொடுத்திருக்கும் சைக்கிளைப் பார்த்தால் நீங்கள் இரக்கப்படுவீர்கள். கேரியர் இல்லை, மட்கார்டு இல்லை, பெல் இல்லை. மீன் தின்றுவிட்டு வைத்த முள் மாதிரி இருக்கிறது. ஏறி உட்கார்ந்தால் காற்று.

இந்தத் தடவை பெண்கள் பந்தயம் சிமெண்ட் தளத்தில் இல்லை. வட்டமாக ஒரு மண்பாதை போட்டு, அதில் இங்கொன்றும் அங்கொன்றுமாக மேடு கட்டியிருக்கிறார்கள். எட்டுப் பேர் ஒன்றாகக் கிளம்பி, மேட்டில் ஏறிக் குதித்து, இடித்துக்கொண்டு ஓட்ட வேண்டும். மண் எனக்குப் பழக்கம்தானே என்று சந்தோஷப்பட்டேன். ஆனால் மேட்டைப் பார்த்தவுடன் என் கை தானாகப் பிரேக்கைப் பிடிக்கிறது, நைனா. பின்னால் கூடை சரியுமோ, ஐஸ் கொட்டுமோ என்று. கூடையே கிடையாது, ஆனாலும் பிடிக்கிறது. கோச் அம்மா, "உன் பின்னால் யார் உட்கார்ந்திருக்கிறார்கள்?" என்று இந்தியில் கத்துகிறார். வஞ்சிரம் என்று எப்படிச் சொல்வது?

அதனால் கடைசியாக வருகிறேன். தீபாவளிக்கு முன்னால் தேறாதவர்களை வீட்டுக்கு அனுப்பிவிடுவார்களாம்.

என் அறையில் கல்யாணி என்று ஒரு பெண். நேர்ப்பாதையில் என்னைவிட வேகம். ஆனால் வீட்டு நினைப்பில் சாப்பிடாமல் அழுகிறாள்.

முனிசாமி அண்ணனுக்கு என் நன்றியைச் சொல்லவும். அவர் இல்லாவிட்டால் நான் இங்கே இல்லை.

அன்புள்ள
தனக்கோடி


கொக்கிலமேடு
20-8-1974

அன்பு மகளுக்கு நைனாவின் ஆசீர்வாதம். உன் அம்மாவின் இடுப்பு சரியாகிவிட்டது. இப்போது என் இடுப்பு.

உன் கடிதத்தை அம்மாவுக்கு மூன்று தடவை படித்துக் காட்டினேன். சப்பாத்தி வரும் இடத்தில் மூன்று தடவையும் "ஐயோ" என்றாள்.

வியாபாரம் ஒழுங்காக நடக்கிறது. முனிசாமி நன்றாகவே ஓட்டுகிறான். ஆனால் அவனுக்குச் சில சந்தேகங்கள். உன்னிடம் கேட்கச் சொன்னான்.

வண்டியை நிறுத்தி இறங்கும்போது எந்தக் காலை முதலில் ஊன்ற வேண்டும்? இரண்டையும் சேர்த்து ஊன்றினால் வண்டி தனியாகப் போய்விடுகிறதாம். எதிரே பஸ் வந்தால் கண்ணை மூடிக்கொள்வது வழக்கமா? உட்காரும் இடத்து வலி எத்தனை நாளில் போகும், போகவே போகாதா?

முனிசாமி கேட்கச் சொன்னதுதான் இதெல்லாம். எனக்கென்ன தெரியும்.

போன வாரம் அவன் மார்க்கெட் போய்ச் சேர மணி ஒன்பதரை. சம்பத் கூடையைப் பார்த்துவிட்டு, "இன்னாயா, மீனுக்குக் கால் மொளச்சி நடந்து வந்திருந்தா கூட இந்நேரம் வந்திருக்குமே!" என்றானாம். சுற்றியிருந்தவர்கள் எல்லாம் சிரித்தார்களாம். கூடைக்காரப் பொம்பளை ஒருத்தி மட்டும் சிரிக்காமல், "பாவம், முட்டியில ரத்தம் வருது" என்று வெற்றிலைக் காம்பைக் கிள்ளிப் போட்டுவிட்டு, தண்ணீர் கொடுத்தாளாம். நல்ல மனுஷி. சம்பத் இந்த மாதக் கடைசி வரை பார்க்கிறேன் என்று சொல்லியிருக்கிறான். பார்க்கட்டும்.

என் கையெழுத்து சாய்ந்திருப்பதாக நினைக்க வேண்டாம். முழங்கையில் சின்னச் சிராய்ப்பு. வாசலில் வழுக்கியது. நம் வாசல் மணல்தான் என்பது உனக்குத் தெரியும். மணலும் சில நேரம் வழுக்கும்.

பிரேக் விஷயமாக யோசித்துச் சொல்கிறேன். அழாதே, சாப்பிடு.

நைனா


பூனா
5-9-1974

அன்புள்ள நைனாவுக்கு, நான் நலம். உங்கள் இடுப்பும் முழங்கையும் மற்றதும் நலமாக வேண்டும் என்று இங்குள்ள பிள்ளையாரிடம் வேண்டிக்கொண்டேன். இந்த மாதம் இந்த ஊரில் அவருக்குத்தான் திருவிழா.

முனிசாமி அண்ணன் கேட்டதைப் படித்து ஆச்சரியப்பட்டேன். லைட்ஹவுஸ் மேட்டில் என்னை வண்டியில் ஏற்றி, "தள்னா தானா வரும்" என்று ஒரு தள்ளு தள்ளிவிட்டவர் அவர். அதற்குமேல் அவர் பேசி நான் கேட்டதில்லை. இத்தனை கேள்வி கேட்கிறார் என்றால் வயசாகிவிட்டது போல.

அவரிடம் சொல்லுங்கள். இடது காலைத்தான் ஊன்ற வேண்டும். வலது கால் பெடலில் இருக்கட்டும், பிரேக்கைப் பிடித்தபடி இறங்க வேண்டும். பஸ் வந்தால் கண்ணை மூடக் கூடாது, நைனா. மூடவே கூடாது. இடதுபக்கம் மண்ணில் இறங்கி நின்றுவிட வேண்டும். நின்றால் யாரும் சிரிக்க மாட்டார்கள், சிரித்தால் சிரிக்கட்டும். ஹேண்டில்பாரை இறுக்கிப் பிடித்தால் தோள் வலிக்கும். குருவிக்குஞ்சைப் பிடிப்பதுபோல் பிடிக்கட்டும். வலி ஒரு மாதத்தில் மரத்துப்போகும். கூடையைப் பின்னால் தள்ளிக் கட்டாமல் சீட்டோடு ஒட்டிக் கட்டச் சொல்லுங்கள். மேடு ஏறும்போது முன்சக்கரம் தூக்காது.

முனிசாமி அண்ணனுக்கு ஏதாவது ஒன்று ஆனால் என்னால் இங்கே ஓட்ட முடியாது. இதையும் அவரிடம் சொல்லுங்கள்.

நான் இன்னும் கடைசிதான். கல்யாணி நேற்றுப் பெட்டியைக் கட்டிவிட்டாள். ஊருக்குப் போகிறேன் என்று வாசல் வரை போய், கோச் அம்மா பார்த்ததால் திரும்பி வந்தாள். அவளுக்கு என்ன சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை.

அம்மாவைக் கேட்டதாகச் சொல்லவும்.

தனக்கோடி


கொக்கிலமேடு
29-9-1974

கண்ணு தனக்கோடிக்கு, அம்மாவும் நானும் சுகம். நீயும் சுகமாக இருப்பாய். இல்லாவிட்டாலும் இருந்துதான் ஆகவேண்டும்.

நீ எழுதியதை எல்லாம் முனிசாமிக்கு வரி விடாமல் படித்துக் காட்டினேன். குருவிக்குஞ்சு வந்த இடத்தை இன்னொரு தடவை படிக்கச் சொன்னான். இப்போது தேறிவிட்டான். முந்தாநாள் ஏழரைக்கே போய் நின்றான். சம்பத் தன் கைக்கடிகாரத்தைக் காதில் வைத்துப் பார்த்தான். கூடையை இறக்கிக்கொண்டே, "பரவால்லியே, அண்ணாத்த" என்றான். அண்ணாத்த என்று மரியாதை கொடுத்திருக்கிறான், கவனித்தாயா?

இப்போது உன் பிரேக் விஷயம். முனிசாமி ஒன்று கவனித்திருக்கிறான். போகும்போது வண்டி ஒரு மாதிரி, வரும்போது வேறு மாதிரி. போகும்போது கொளவாய் ஏரிக்கரையில் ஒரு சின்னக் கல் இருந்தால்கூட உயிர் நடுங்குகிறது. மீன் போனால் போச்சு. ஆனால் மீனை விற்றுவிட்டு, வெறும் கூடையோடு திரும்பி வரும்போது அதே கல்லின்மேல் ஏற்றினால் வண்டி கன்றுக்குட்டி மாதிரி துள்ளுகிறது. சிரிப்பு வருகிறது. அவன் அன்றைக்கு யாரும் இல்லாத இடமாகப் பார்த்து இரண்டு தடவை திரும்பிப் போய் ஏற்றிப் பார்த்தானாம். அவன் வயசுக்கு அது தகுமா என்று நீ கேட்கலாம். தகாதுதான்.

நீ இத்தனை வருஷம் போனது மட்டும் இல்லையே, கண்ணு. போன அத்தனை தடவையும் திரும்பியும் வந்தாய். அங்கே மேட்டைப் பார்க்கும்போது மார்க்கெட்டுக்குப் போகிற தனக்கோடியாக ஓட்டாதே. விற்றுவிட்டு வீட்டுக்கு வருகிற தனக்கோடியாக ஓட்டு.

அப்புறம் அந்தக் 'கல்யாணி'. எனக்குப் புரிகிறது. மேலே கேட்க மாட்டேன். அந்தப் பெண்ணிடம் இதைச் சொல்: அழுகை வந்தால் அழு, அழுதுவிட்டுப் போய் ஓட்டு. நான் கடலில் வாந்தி எடுத்தது தப்பில்லை. எடுத்தவுடன் 'கரைக்கு விடுங்க' என்று கத்தினேனே, அதுதான் தப்பு. வாந்தி எடுத்துக்கொண்டே போனவனும் மீனோடு வந்திருக்கிறான். பெட்டியைக் கட்டியதில் குற்றமில்லை. அவிழ்த்தால் போதும்.

கல்யாணிக்கு என் ஆசீர்வாதம். சப்பாத்தியாக இருந்தாலும் சாப்பிடச் சொல்.

நைனா


பூனா
22-10-1974

அன்புள்ள நைனா, அம்மா இருவரின் பாதங்களுக்கு வணக்கம். நான் மிகவும் நலம். இந்தத் தடவை பொய்யில்லை.

வீட்டுக்கு அனுப்புகிறவர்கள் பெயரை நேற்றுப் படித்தார்கள். என் பெயர் இல்லை! உங்கள் கடிதம் வந்த மறுநாளே மண்பாதையில் இறங்கி, 'மீன் வித்தாச்சு, மீன் வித்தாச்சு' என்று வாய்க்குள் சொல்லிக்கொண்டே ஓட்டினேன். முதல் மேட்டில் கை பிரேக்குக்குப் போனது, பிடிக்கவில்லை. இரண்டாவது மேட்டில் போகவே இல்லை. வண்டி துள்ளியது. எனக்கும் சிரிப்பு வந்தது. கோச் அம்மா ஓடிவந்து, பின்னால் உட்கார்ந்திருந்தவர் இறங்கிவிட்டாரா என்று கேட்டார். முனிசாமி அண்ணனுக்கு நான் என்ன கைம்மாறு செய்வேன்?

இன்னொரு விஷயம். நைனா, கல்யாணி நிஜமாகவே ஒரு பெண். சேலத்துக்காரி. அப்பா இல்லாதவள். நீங்கள் என்னைத்தான் அப்படிச் சொன்னேன் என்று நினைத்துவிட்டீர்கள் போலிருக்கிறது. எல்லோரும் உங்களைப் போலவே இருப்பார்களா? கடிதத்தை அவளுக்குப் படித்துக் காட்டினேன். வாந்தி வந்த இடத்தில் சிரித்தாள், அப்புறம் அழுதாள், அப்புறம் பெட்டியை அவிழ்த்தாள். அவள் கீழே எழுத வேண்டுமாம். இடம் விடுகிறேன்.

தனக்கோடி

ஐயா அவர்களுக்கு, கல்யாணி எழுதுவது. என்னைப் பார்த்ததே இல்லாமல் எனக்கு ஆசீர்வாதம் அனுப்பினீர்கள். நானும் வீட்டுக்கு அனுப்பப்படவில்லை. நன்றி ஐயா. முனிசாமி அவர்களுக்கும்.


பூனா
24-11-1974

அன்புள்ள நைனாவுக்கு,

ஒரு மாதமாகக் கடிதம் இல்லை. தீபாவளிக்கும் இல்லை. அங்கே மழை என்று பேப்பரில் போட்டிருக்கிறார்கள். கார்டாவது போடவும். நீங்கள் எழுதாமல் இருக்கிற ஆள் இல்லை.

நான் நலமாக இருக்கிறேனா என்பது உங்கள் பதிலைப் பார்த்துத்தான் தெரியும்.

தனக்கோடி


கொக்கிலமேடு
2-12-1974

தனக்கோடிக்கு உன் அம்மா ஆதியம்மாள். அவர் சொல்லச் சொல்ல, ஒரு சொல் மாற்றாமல் எழுதுவது பிரபாவதி டீச்சர்.

கண்ணு, நா நல்லா கீறேன். உங்க நைனாவும் நல்லா கீறாரு. ஆனா எழுத முடியாது. முனிசாமிக்குத்தான் கை முறிஞ்சிபோச்சி. திருக்கழுக்குன்றம் தாண்டி ரோட்டுல பள்ளம், தண்ணி ரொம்பி பள்ளம்னே தெரியல. வலது கை. செங்கல்பட்டு பெரியாஸ்பத்திரியில மாவுக்கட்டுப் போட்டு அனுப்பிட்டாங்க. டாக்டரு நல்லவரு. கைய ஆட்டாம இருந்தா பொங்கலுக்குள்ள சரியாயிடும்னாரு.

முனிசாமிக்குக் கை முறிஞ்சா எங்க நைனா ஏன் எழுத முடியாதுன்னு நீ கேப்ப. அப்படிக் கேட்டா இன்னா சொல்றதுன்னு இந்த ஆளு எனக்குச் சொல்லிக் குடுக்கல. டீச்சரு சிரிக்கிறாங்க. இந்த ஆளு அந்தாண்ட மூஞ்ச திருப்பிக்கினு படுத்துனு கீறாரு.

விழுந்தப்போ கூட, மீனு மண்ணுல விழாம கூடைய நெஞ்சோட அணைச்சினு விழுந்திருக்காரு. முனிசாமியச் சொல்றேன்.

கவலப்படாத. நீ கவலப்படுவன்னுதான் ஒரு மாசமா எழுத வேணாம்னு என்னைத் தடுத்துனு இருந்தாரு. எனக்குத்தான் மனசு கேக்கல. நீ நல்லா சாப்புடு.


பூனா
9-12-1974

அன்புள்ள நைனா, அம்மாவுக்கு,

கடிதம் கிடைத்தது. நான் வந்துவிடுகிறேன். இருபத்திரண்டாம் தேதி வண்டி. கோச் அம்மாவிடம் இன்னும் சொல்லவில்லை. கல்யாணிக்கு மட்டும் தெரியும்.

முனிசாமி அண்ணன் எனக்காகக் கையை முறித்துக்கொண்டு கிடக்கும்போது எனக்கு என்ன பந்தயம்? வந்த மறுநாளிலிருந்து மீனை நானே எடுத்துப்போகிறேன். வண்டியின் முன்சக்கரம் கோணியிருந்தால் திருப்பி வைக்கச் சொல்லுங்கள். நம் வீட்டில் அடுப்பு எரிகிறதா என்று அம்மா ஏன் எழுதவில்லை?

பதில் போட வேண்டாம். நேரில் பேசிக்கொள்ளலாம்.

தனக்கோடி


கொக்கிலமேடு
13-12-1974

என் தங்கமே,

பதில் போட வேண்டாம் என்று எழுதியிருக்கிறாய். நான் என்றைக்கு நீ சொன்னதைக் கேட்டிருக்கிறேன்?

இடது கையால் எழுதுகிறேன். நண்டு ஓடிய மணல் மாதிரி இருக்கும். பொறுத்துக்கொண்டு படி. உடம்பு தேறிவருகிறது. அடுப்பு எரிகிறது. எப்படி என்று சொல்கிறேன், அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம்.

நம் குப்பத்தில் கடலுக்குப் போனவன் அடிபட்டுப் படுத்தால், அவன் எழுந்து நடக்கும்வரை அவன் பங்கு மீன் மணலில் தனிக் குவியலாக விழும். இது உனக்குத் தெரிந்ததுதான். எனக்கு அது எப்போதும் கிடையாது. நான்தான் கடலுக்கே போகாதவனாயிற்றே. நான் கை கட்டோடு கரையில் போய் உட்கார்ந்திருந்தேன், சும்மா ஏலம் கேட்க. என் இடத்தில் வேறொருவன் ஏலம் கூவினான், கேட்கச் சகிக்கவில்லை. அப்பாசாமி அண்ணன் கட்டுமரம் வந்தது. பங்கு பிரித்தார்கள். குவியலைக் கண்ணால் பார்த்தேன், ஒன்று அதிகமாக இருந்தது. பிரிக்கத் தெரியாத பயல்கள் என்று நினைத்துக்கொண்டேன்.

அப்போது அப்பாசாமி அண்ணன் பெயர் சொல்லிக் கூப்பிட ஆரம்பித்தார். பங்குக்காரனைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டுத்தான் கொடுப்பார்கள். கடைசிக் குவியலுக்கு வந்தவர், "தேசப்பா!" என்றார்.

நான் எழுந்திருக்கவில்லை. வேறு தேசப்பனோ என்று திரும்பிப் பார்த்தேன். குப்பத்தில் வேறு யாரும் இல்லை.

ஒருத்தன் கேட்டான்: "இன்னா பெர்சு, அவரு ரோட்டுல தானே வுழுந்தாரு? கடல்லயா வுழுந்தாரு?"

"நம்ம மீனோட தானேடா வுழுந்தான்?" என்றார் அப்பாசாமி அண்ணன். "மீனு போற எடம் எல்லாம் கடலுதான். வா தேசப்பா, கைய நீட்டு. அந்தக் கை இல்ல, நல்ல கை."

கடல் ஏற்காத எனக்கு நாற்பத்தெட்டு வயசில் பங்கு விழுந்தது, கண்ணு. சங்கராவும் காரப்பொடி மீனும். துண்டில் வாங்கிக்கொண்டு நேராக வீட்டுக்கு வந்தேன். உன் அம்மா அதைக் குழம்பு வைக்காமல் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தாள்.

கூப்பிட்ட பெயர் முனிசாமி இல்லை. இனிமேல் உன்னிடம் அவன் பெயரைச் சொல்லி என்ன பிரயோசனம். நீ ரயில் ஏறிய எட்டாம் நாளே, நான் முதல் கடிதம் எழுதும் முன்பே, அவன் கல்பாக்கத்தில் கட்டட வேலை கிடைத்துப் போய்விட்டான். சொன்னால் நீ அடுத்த ரயிலில் வந்து நிற்பாய். அதனால் மத்தியானத்தில் குப்பமே தூங்கும்போது சவுக்குத் தோப்பில் உன் அம்மா கேரியரைப் பிடித்துக்கொண்டு ஓட, நான் பழகினேன். எனக்கு இடுப்பு பிடித்ததும், முழங்கை சிராய்த்ததும் அங்கேதான். வாசல் மணலைக் குறை சொன்னதற்கு அது என்னை மன்னிக்கட்டும்.

இப்போது கேள். நான் விழுந்தது தெரிந்து முனிசாமி வந்தான். கோணிய சக்கரத்தைத் தன் முட்டியில் வைத்து நிமிர்த்தினான், கூடையைக் கட்டினான், போய்விட்டான். தினமும் மீனைச் சம்பத்திடம் சேர்த்துவிட்டு அப்படியே கல்பாக்கம் வேலைக்குப் போகிறான். என் கை சரியாகும்வரை அப்படித்தானாம். ஜூலையில் நான் எழுதிய பொய் இப்போது மெய்யாகிவிட்டது.

ஆக, மீன் போகிறது. பங்கு வருகிறது. உனக்கு இங்கே வேலை இல்லை. ஜெயித்துவிட்டு வா என்று சொல்ல மாட்டேன், அதெல்லாம் அவரவர் மூச்சு. ஓட்டிவிட்டு வா.

உன் நைனா, பங்குக்காரன்
தேசப்பன்


பூனா
20-1-1975

அன்புள்ள நைனாவுக்கும் அம்மாவுக்கும்,

தந்தி கிடைத்திருக்கும். அதில் சொல்லைச் சுருக்கச் சொன்னார்கள். இதில் சுருக்கப் போவதில்லை. கை எப்படி இருக்கிறது? விரலை மடக்க முடிகிறதா?

உங்கள் கடிதம் வந்த அன்று டிக்கெட்டைத் திருப்பிக் கொடுத்தேன். கல்யாணி என் பெட்டியை அவிழ்த்தாள். இந்தத் தடவை அவள் முறை.

கடைசிப் பந்தயத்தில் எட்டுப் பேர். எல்லோரும் என்னைவிட உயரம். கொடி விழுந்தவுடன் நான் ஐந்தாவதாகப் போனேன். இரண்டாவது மேட்டில் முதலாவதாகப் போன பெண் சறுக்கி விழுந்தாள். அவளைச் சுற்றி எல்லோரும் பிரேக் பிடித்தார்கள். நான் பிடிக்கவில்லை. ஓரத்தில் உதிரி மணல் கிடந்தது, யாரும் அதில் இறங்க மாட்டார்கள். மணலில் எப்படி ஓட்டுவது என்று எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லையே. இறங்கி, ஏறி, துள்ளி மேலே வந்து பார்த்தால் முன்னால் யாரும் இல்லை. வெறும் பாதை. யாராவது இருப்பார்கள் என்று தேடிக்கொண்டே கோடு தாண்டிவிட்டேன்.

முதலிடம், நைனா. கல்யாணி மூன்றாவது. விழுந்த பெண்ணுக்கு அடி ஒன்றும் இல்லை, அவளும் வந்து கட்டிக்கொண்டாள்.

மாலை போட்ட பிறகு, பேப்பருக்கு எழுதுகிறவர் விவரம் கேட்டார். அப்பா பெயர் தேசப்பன் என்றேன். அப்பா என்ன செய்கிறார் என்றார். பள்ளிக்கூடத்தில் எப்போதும் 'மீன் ஏலம் விடுகிறார்' என்று எழுதுவேன். இந்தத் தடவை 'சைக்கிள் ஓட்டுகிறார்' என்றேன். "ஓ, அவரும் சாம்பியனா?" என்று கேட்டார். ஆமாம் என்று சொல்லிவிட்டேன். அச்சில் வந்துவிட்டால் மன்னிக்கவும்.

ஜெயித்ததற்குப் பெரம்பூரில் ரயில்வே வேலை கொடுத்திருக்கிறார்கள். அடுத்த மாதம் சேர வேண்டும். மார்ச் இரண்டாம் தேதி பட்டணத்தில் இன்னொரு பந்தயம். நீங்கள் இருவரும் என்னைப் பந்தயத்தில் பார்த்ததே இல்லை. பஸ்ஸில் வந்துவிடுங்கள். அப்பாசாமி பெரியப்பாவுக்கும், முனிசாமி அண்ணனுக்கும், அந்த வெற்றிலைக் கூடைக்கார அம்மாவுக்கும் என் நமஸ்காரம். இனி வீட்டுக்கு என் சம்பளம் வரும். நீங்கள் வண்டி ஓட்ட வேண்டாம்.

உங்கள்
தனக்கோடி


கேளம்பாக்கம்
1-3-1975

கண்ணு,

கேளம்பாக்கத்து டீக்கடையில் உட்கார்ந்து எழுதுகிறேன். உப்பளக் காற்று எதிர்க்காற்று. கை நன்றாக வேலை செய்கிறது. வண்டியை விடச் சொன்னாய். சம்பத் என்னை விட மாட்டான், நானும் விடுவதாக இல்லை.

உன் அம்மா பின்னால் கேரியரில் உட்கார்ந்து வருகிறாள். மீனைவிடக் கனம். மீன் பேசாது. மேடு வந்தால் "எறங்கி நடக்கிறேன்" என்கிறாள், இறங்கமாட்டாள். டீக்கடைக்காரர், "இன்னா பெரியவரே, பஸ்ஸு இருக்கச்சே பொண்டாட்டிய இப்படி ஏத்திக்கினு எங்க போறீங்க?" என்றார். "மக சைக்கிள் வுடறா, பாக்கப் போறோம். பஸ்ஸுல போயி எறங்குனா நல்லாருக்குமா?" என்றாள் அவள். டீக்குக் காசு வேண்டாம் என்றுவிட்டார்.

இந்தக் கார்டு உன் கைக்கு வருவதற்குள் நாங்களே வந்துவிடுவோம். தெரிந்துதான் எழுதுகிறேன். கரையில் நாலு ஊருக்குக் கேட்கக் கூவுகிறவன் நான். உன்னை நேரில் பார்த்தால் எனக்கு ஒரு சொல் வராது. நீ நன்றி நன்றி என்று கடிதம் தவறாமல் எழுதினாய். நான் ஒரு தடவையும் எழுதவில்லை, பெற்றவன் பிள்ளைக்கு எழுதுவது வழக்கமில்லை என்று. இப்போது எழுதுகிறேன். நீ எங்களை விட்டுப் போனாயே, அதற்கு. போகும்போது வண்டியை வீட்டில் விட்டுப் போனாயே, அதற்கு.

காற்று கொஞ்சம் திரும்புகிறது. அம்மா ஏறி உட்கார்ந்துவிட்டாள், கூப்பிடுகிறாள்.

நைனா